மருந்து படாத கிடா

அந்த அக்கா யாரிடமும் "வரேன்" என்று சொல்லி விடைபெற மாட்டார். பேச்சு முடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்துவிடுவார். திமிர் பிடித்தவள் என்றுதான் எங்கள் தெருவில் பெயர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன். "வரேன்னு சொல்லிப்போட்டு வர முடியாமப் போச்சுன்னா என்னங்க பண்றது தம்பி?" என்றார். கிண்டல் பண்ணுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

நான் அப்போது மைசூரில், விஜயநகரின் கடைசி வீடுகள் முடிந்து இன்னும் வீடு கட்டாத காலி சைட்டுகள் தொடங்குகிற இடத்தில், ஒரு கால்நடை மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். கொள்ளேகாலத்திலிருந்து அப்பா காலத்திலேயே பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அக்கா அதற்குப் பக்கத்துக் கௌதள்ளிக்காரர். கட்டட வேலைக்கு வந்த கணவரோடு, யாருடைய சைட்டிலோ காவலுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் குடியிருந்தார். பின்னால் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கிக் கட்டிய ஆட்டுப்பட்டி. அதில் பதினோரு வெள்ளாடுகளும் அவற்றின் குட்டிகளும் ஒரு கிடாவும். கணவர் சாரத்திலிருந்து விழுந்து கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது ஆடுகளால்தான்.

சொன்ன சொல் என்பது நமக்கெல்லாம் வாயோடு போகிற சமாசாரம். அவருக்கு அது தலைச்சுமை. கடைசி வீட்டில் ரிட்டயர்டு அதிகாரி ஒருவர் செம்பருத்தி வேலி வளர்த்தார். ஆடுகள் ஒருநாள் அதை மொட்டையடித்துவிட்டன. மனிதர் கன்னடத்தில் அரைமணி நேரம் கத்தினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, சைட்டின் எல்லைக்கல்லைக் காட்டி, "இனி இந்தக் கல்லத் தாண்டி என் ஆடு வராதுங்க" என்றார். அன்றிலிருந்து கோடை முழுக்க அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் கண்ட வாரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த அதிகாரி மகனோடு இருக்கப் பெங்களூருக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. தண்ணீர் விட ஆளில்லாமல் செம்பருத்தியும் காய்ந்துபோனது. அக்கா கல்லை விட்டு எழவில்லை.

"அவருதான் போய்ட்டாரே அக்கா" என்றேன்.

"அவரு போனாருங்க. நாஞ் சொன்னது இங்கதான கெடக்குது?"

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் பாக்கியசாலிகள். நான் அப்படிப் போகாமல் நடுவில் கையை விட்டவன். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அந்த அக்காவின் முகம் என்னை விடமாட்டேன் என்கிறது.

கடைக்கு அவர் முதலில் வந்தது உண்ணிக்கு மருந்து கேட்டுத்தான். மழை பிடித்து இரண்டு வாரம் இருக்கும். தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுகிற மருந்தைக் கொடுத்து, ரத்தம் குடித்த உண்ணி கீழே விழுந்து சுவர்ச் சந்தில்தான் முட்டையிடும், பட்டிக்கும் சேர்த்து அடிக்க வேண்டும் என்று விளக்கினேன். "எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான், யாரும் வந்து சொன்னதில்லை. "வெள்ளிக்கெழம சொல்றனுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை ஊரில் பந்த். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அடியில் குனிந்து ஒரு கை தீப்பெட்டியை நீட்டியது. திறந்து பார்த்தால், ஆமணக்கு விதை பருமனுக்கு உப்பிச் செத்த உண்ணிகள். தயிர்சாதத்தை மூடி வைத்தேன். அன்று அதற்குமேல் சாப்பிடவில்லை.

"செத்துதுங்க. சொல்றன்னு சொல்லியிருந்தனுல்லீங்க?" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் திரும்பி நடந்தார்.

மருந்தை அவர் பயன்படுத்திய ஒழுங்கு படித்தவர்களிடம்கூடக் கிடையாது. சொன்ன அளவுக்கு ஒரு சொட்டு கூடாது, குறையாது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காது, வால் அடி, மடி, குளம்புச் சந்து என்று ஓர் இடம் விடமாட்டார். பட்டியின் குப்பையை வாரிக் கொளுத்தினார். கல் சந்துகளில் சுண்ணாம்பு அப்பினார். அப்படியும் மூன்று வாரத்தில் உண்ணி திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி உண்ணி. முதல் குட்டி செத்தபோது அதைத் தூக்கிக்கொண்டே கடைக்கு வந்து கீழுதட்டை விலக்கிக் காட்டினார். ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. உடம்பில் ரத்தமே இல்லை. மருந்தில்தான் ஏதோ கலப்படம் என்று நான் ஏஜென்ட்டோடு போனில் சண்டை போட்டேன். பாவம், அந்த ஆளிடம் தப்பே இல்லை.

இரண்டாவது குட்டியும் போன பிறகு, ஒரு சாயங்காலம் பட்டியை நேரில் பார்க்கப் போனேன். ஆடுகள் வந்து அடைந்திருந்தன. கடைசியாக அந்தக் கிடா, ஊர் சுற்றிவிட்டு வருகிற மைனர்போல் சாவகாசமாக நடந்து வந்தது. கழுத்தில் கயிறு இல்லை. ரோமம் தரையைத் தொடுகிற மாதிரி வளர்ந்திருந்தது. நின்ற இடத்தில் நிற்காமல் தலையை உதறிக்கொண்டே இருந்தது. காதைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளே உண்ணி இல்லாத இடமே இல்லை. அது என் கையை உதறிவிட்டு, பால் கொடுக்கிற ஆடுகளுக்கு நடுவில் போய்ப் படுத்தது.

"இதுக்கு மருந்து போடலையாக்கா?"

"அதுக்குப் போடக் கூடாதுங்க."

கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் சிரித்தார். "அது ஆடு இல்லீங்க தம்பி. என்ற உசுரு. நாலு காலு, ரெண்டு கொம்போட சுத்துது பாருங்க."

அவர் இரண்டாவது மாடிச் சாரத்துப் பலகையிலிருந்து விழுந்து பத்தொன்பது நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அந்த வராந்தாவில் நின்றுகொண்டு அக்கா ஊர் மாரியம்மனுக்கு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டார். மூன்றாம் வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு, அவர்கள் பேச்சில் நோம்பிக்கு, கொண்டுவந்து விடுவதாக வேண்டுதல். நேர்ந்துவிட்ட கிடாவின் மேல் கத்தரி படக் கூடாது, கயிறு படக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அது எல்லோருக்கும் உள்ளது. அக்கா அதோடு நிற்கவில்லை. "இரும்பு படாம, கயிறு படாம, மருந்து படாம கொண்டாந்து உடறன் தாயே" என்று சொல்லிவிட்டார். மூன்றாவதை அம்மனும் கேட்கவில்லை, பூசாரியும் கேட்கவில்லை.

"ஏக்கா அப்படிச் சொன்னீங்க?"

"அவுருக்கு எத்தன பாட்டலுங்க ஏறுச்சு, கையெல்லாம் ஊசி. அம்மாவுக்குக் குடுக்கறதாச்சும் ஒரு மருந்தும் ஏறாம சுத்தமா இருக்கோணும்னு நெனச்சன். வாயில வந்துருச்சு. மக்யா நாளு கண்ணு முழிச்சாருங்க." அதற்குமேல் என்ன வாதம் பண்ணுவது? எனக்குத் தெரியவில்லை.

தெரியாவிட்டாலும் பண்ணினேன். தனியாகக் கட்டி வையுங்கள் என்றேன். கயிறு ஆகாது. தனியாக அடைத்து வையுங்கள் என்றேன். அடைப்பதும் கட்டுவதும் ஒன்றுதான் என்றார். நோம்பி வரைக்கும் ஊரில் யார் பட்டியிலாவது விடுங்கள் என்றேன். "நான் வளத்துக் கொண்டாறன்னு சொன்னனுங்க. அடுத்தவிங்க வளத்துக் கொண்டாறன்னு சொல்லலீங்களே" என்றார். தினமும் மத்தியானம் அதைக் கொஞ்சிக் கெஞ்சி நிறுத்தி, கையாலேயே உண்ணி பிடுங்குவார். உடம்பில் எட்டிய மட்டும் பிடுங்குவார். காதைத் தொட்டால் கொம்பால் இடித்துத் தள்ளும். முழங்கையெல்லாம் கன்றிப்போய்க் கிடக்கும்.

ஒரு வழி இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துலுக்கிவிட்டது, அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அம்மனிடமே கேட்டு அந்த மூன்றாவது சொல்லிலிருந்து விடுதலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அது அக்காவுக்கே பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டுச் சொம்போடு நின்றார். நானும் அவர் கணவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "தாயே, இதுக்கு மருந்து போட்டுக்கட்டுமா?" என்று கையை உயர்த்துவதற்குள் கிடா தலையை உதறியது. தண்ணீர் விழுந்தது, மறுபடி உதறியது. சொம்பைக் கீழே வைத்தார், அப்போதும் உதறியது.

"துலுக்கிப்போடுச்சு புள்ளே, உட்டுரு" என்றார் கணவர்.

"கேக்கறதுக்கு முந்தியே சொன்னா அது பதிலா? காதுல உண்ணி. உண்ணிதான் துலுக்குது, அம்மா துலுக்கல."

மூன்று செவ்வாய் கேட்டுப் பார்த்தார். மூன்று தடவையும் இதே கதை. கணவர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு நேர்மை எதற்கு, யாருக்கு என்று மனசுக்குள் திட்டினேன்.

அதற்குள் நாலு குட்டியும் இரண்டு தாய் ஆடும் போயிருந்தன. ஒருநாள் காலையில் அக்கா கடைக்கு வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "வேற மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா தம்பி? கெடா மேல படாம, கெடாவுக்கு ஆவற மருந்து?" என்றார். இல்லை அக்கா என்றேன். "இருந்தாச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

அன்று மத்தியானமே அதைச் செய்தேன். கடைக்குப் பக்கத்தில் வாழைப்பழ வண்டி நிற்கும். தோல் தின்ன அந்தக் கிடா தினமும் வரும். அக்கா தழை ஒடிக்கப் போயிருந்தார். தோலைக் காட்டிக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுவரோடு சாத்திக்கொண்டேன். இடுக்கியை எடுத்த பிறகு அது இரும்பு என்று ஞாபகம் வந்தது. வைத்துவிட்டு விரலாலேயே காதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மருந்து போடத் துணிந்தவன் இரும்புக்குப் பயந்தேன், என் யோக்கியதை அவ்வளவு. பிறகு முதுகெலும்பு நெடுக ஊற்றுகிற மருந்தை ஊற்றி, காதிலும் தடவி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. நோம்பிக்கு நாள் நிறைய இருந்தது, கறி தின்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பட்டி சுத்தமானது. மிஞ்சிய ஆடுகள் தேறின. கிடா தலையை உதறுவதை நிறுத்திவிட்டது. அக்கா ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "அம்மாவே எறங்கி வந்து சுத்தம் பண்ணிப்போட்டாங்க தம்பி. ஒண்ணுகூட இல்லீங்க, காதப் பாருங்க, கண்ணாடியாட்டம் இருக்குது." பொங்கல் வைத்து, முதல் இலையை எனக்குத்தான் போட்டார். சாப்பிட்டேன். நெய் அதிகமாக விட்டிருந்தார்.

"நோம்பிக்கு நீங்க வருவீங்களா?" என்று கேட்டார்.

"வரேன் அக்கா."

"சொல்லிட்டீங்க" என்றார்.

அதனால் போனேன். அவர்கள் கிடாவோடு கூட்ஸ் ஆட்டோவில் முதல்நாளே போய்விட்டார்கள். நான் பஸ் மாறிக் கௌதள்ளியில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. கோயில் முன்னால் பத்துப் பன்னிரண்டு கிடாக்கள் வரிசையில் நின்றன. தண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றும் சிலிர்த்து உதறியது. ஜனம் குலவையிட்டது. அக்காவின் கிடா முறை வந்தது. ஒரு சொம்பு ஊற்றினார்கள். அது கல்லாட்டம் நின்றது. இரண்டாவது சொம்பு, ஒரு குடம். மஞ்சள் தண்ணீர் ரோமத்திலிருந்து வடிந்து காலைச் சுற்றித் தேங்கியது. கிடா கண்ணை மூடி அசைபோட்டது. மைசூரில் நாளெல்லாம் உதறிக்கொண்டிருந்த பிராணி அது.

"காதுல கொஞ்சம் ஊத்துங்கம்மா, துலுக்கிரும்" என்றார் பூசாரி. எல்லோரும் செய்வதுதான்.

"காதுல ஊத்துனா நாயுந்தான் துலுக்கும்" என்று அக்கா பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மனைப் பார்த்து, "என்ன கொற வெச்சன், சொல்லு" என்று ஆரம்பித்தார். தன் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒருதடவை கொம்பால் இடித்தபோது அதைச் சனியனே என்று திட்டியது. ஒருதடவை கொடிக்கயிறு காற்றில் பறந்து அதன் கொம்பில் பட்டது. பொங்கல் வைத்த அன்று அதற்கு முதல் வாய் கொடுக்க மறந்தது. ஒவ்வொன்றுக்கும் தலையில் குட்டிக்கொண்டு மறுபடி தண்ணீர் தெளித்தார். கிடா அசையவில்லை. கணவர் கோலில் மோவாயை ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் உயிரைத்தான் எல்லோரும் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் சொல்வதற்குத் தப்பு தீர்ந்துபோனது. யோசித்து யோசித்துத் தேடினார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, மருந்து போட்டேன். நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அதையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"எத்தன தடவைங்க?"

"ரெண்டு."

தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு அம்மன் முன்னால் நின்றார். "இது உனக்கு ஆவாது. சொன்னபடி கொண்டாரல. வேற குட்டி உடறன். இன்னும் மூணு வருசம் அவுர வெச்சிரு" என்றார். "இரும்பு படாம, கயிறு படாம" என்று நிறுத்தினார்.

"மூணாவத உட்டுரு புள்ளே" என்றார் கணவர். அவ்வளவு பேர் முன்னால், குரல் உடைந்து, ஒரு ஆண்பிள்ளை கெஞ்சுவது கேட்கச் சகிக்கவில்லை. "எனக்கோசரம் உட்டுரு."

"அன்னிக்கு அதையுஞ் சொல்லித்தான உங்களக் கேட்டு வாங்குனன்?" என்றார் அக்கா. பிறகு அம்மனிடம், "மருந்து படாம" என்று முடித்தார்.

என் பக்கம் திரும்பினார். "இனி தொடமாட்டன்னு சொல்லுங்க தம்பி."

சொன்னேன். வேறென்ன செய்ய? கிடாவைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்தோம். மருந்து பட்டதால் கத்திக்குத் தப்பியது அது.

நேர்ந்துவிட்ட புதுக் குட்டி கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதுவும் வாழைப்பழ வண்டிக்கு வரக் கற்றுக்கொண்டது. அடுத்த மழை பிடித்தது. ஒருநாள் அது தோலைத் தின்றுகொண்டே காதை உதறியது. மறுநாளும் உதறியது. எனக்குப் பின்னால் அலமாரியில் மருந்து இருந்தது, எட்டிக் கை நீட்டினால் போதும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து மற்ற ஆடுகளுக்கு மட்டும் மருந்து வாங்கிப் போவார். ஒவ்வொரு தடவையும் அளவு குறைந்துகொண்டே வந்தது. ஆட்டுக் கணக்குக்கு மேல் ஒரு சொட்டுகூட வாங்க மாட்டார். கணவர் ரோட்டில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆடி முடிகிற சமயம் ஒரு காலையில், சாக்கில் சுற்றி எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கவுண்டரில் வைத்துப் பிரித்தார். கறுப்புக் குட்டி. உதட்டை விலக்கினார், ஈறு வெளுத்துக் கிடந்தது. காதை அவரே திருப்பிக் காட்டினார். நான் பார்க்கவில்லை.

"பட்டியில இன்னும் ரெண்டு குட்டி இருக்குதுங்க" என்றார். "அதுல ஒண்ண அம்மாவுக்கு உடோணும்."

அவர் குட்டியைத் திரும்பச் சுற்றினார். அதன் கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதை உள்ளே மடித்து வைத்தார்.

"நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்திப்போட்டீங்க தம்பி" என்றார்.

கிண்டல் பண்ணுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.